குரூப்ல சொன்னாங்கன்னு அச்சாரம் குடுக்கதுக்கு முந்தி

எங்க ஊரு அம்பாசமுத்திரம் பக்கம். சுடலைமாடன் கோயில் கொடைக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, மேளம் பேசுத பொறுப்பு மூணு வருசத்துக்கு முந்தி என் கைக்கு வந்துச்சு. எங்க அப்பா காலத்துல மேளம் பேசணும்னா ரெண்டு மூணு பேரு சைக்கிள மிதிச்சு பக்கத்து ஊர் கொடைக்குப் போயி, ராத்திரி பூரா உக்காந்து கேட்டுட்டு, விடியக்காலம் அந்தச் செட்ட நடத்துத ஆசான்கிட்டயே தேதி கேட்டு வெத்தல பாக்கோட அச்சாரம் குடுத்துட்டு வருவாங்க. நாங்க என்ன செஞ்சோம்னா, கமிட்டி வாட்ஸ்அப் குரூப்ல ஒரு தம்பி ஒரு நிமிச ரீல் ஒண்ணு போட்டான், பம்பக்காரர் சுத்திச் சுத்தி அடிக்காரு, கீழ லட்சக்கணக்குல வியூ, 'இவங்களத்தான் கூப்பிடணும்'னு வரிசையா கைதட்டு விழுது, அன்னைக்கு ராத்திரியே ஜிபேல அச்சாரம் போயிருச்சு. கொடை அன்னைக்கு வந்த செட்ல அந்தப் பம்பக்காரர் இல்ல. அந்த ரீல் எடுத்த நாளைக்கு மட்டும் வேற செட்ல இருந்து வந்தவராம் அவரு. வந்தவங்க சினிமாப் பாட்டு நல்லாத்தான் வாசிச்சாங்க, ஆனா நடுச்சாமத்துல சாமியாடி தாத்தா வேட்டைக்குக் கெளம்ப நிக்கையில அவருக்கு வேண்டிய அடி அவங்க கைக்கு வரல. தாத்தா தீப்பந்தத்தப் பிடிச்சுக்கிட்டு தவில்காரர் கையவே பாத்துக்கிட்டு நின்னாரு. ரொம்ப நேரம் நின்னாரு. மறுநாள் யாரும் என்னைய ஒண்ணும் சொல்லல, தாத்தா மட்டும் 'ஏல, நீ நேர்ல போயி கேட்டியாடே'ன்னு ஒரே ஒரு வார்த்த கேட்டாவ.

அதுக்கப்புறம்தான் இந்தப் பாட்டு குரூப்புகள எப்படி வச்சுக்கிடணும்னு யோசிச்சு நானா ஒரு வழி பண்ணி வச்சிருக்கேன். குரூப்ப விட்டு வெளிய வாங்கன்னு சொல்ல வரல. வாட்ஸ்அப், டெலிகிராம், பேஸ்புக் எல்லாத்துலயும் நான் இன்னும் இருக்கேன், நான் கேட்ட நல்ல பாட்டுல பாதி அங்கனதான் கெடச்சது. காதையும் பர்ஸையும் அங்க உள்ளவங்க கையில முழுசாக் குடுத்துரக் கூடாது, அவ்வளவுதான்.

மொதல் வேல, எண்ணிக்கையப் பாக்கதுக்கு முந்தி பாட்டக் கேளுங்க. இது சும்மா அறிவுரைக்குச் சொல்லல. 2006ல அமெரிக்காவுல சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ்னு மூணு பேரு சயின்ஸ் பத்திரிகையில ஒரு பரிசோதனைய எழுதுனாங்க. ஆன்லைன்ல 14,341 பேர வரவச்சு, பேரு தெரியாத பேண்டுகளோட 48 பாட்டக் கேக்கவிட்டு, பிடிச்சத எடுத்துக்கோங்கன்னு சொன்னாங்க. கொஞ்சப் பேருக்கு வெறும் பாட்டு மட்டும், மிச்சப் பேர 8 கூட்டமாப் பிரிச்சு அந்தந்தக் கூட்டத்துல எத்தன பேரு எந்தப் பாட்ட எடுத்திருக்காங்கன்னு பக்கத்துலயே எண்ணிக்கையக் காட்டுனாங்க. தனியா கேட்டவங்க கணக்குல 26வது இடத்துல இருந்த ஒரு பாட்டு ஒரு கூட்டத்துல 1வது இடத்துக்கு வந்துச்சு, இன்னொரு கூட்டத்துல அதே பாட்டு 40வது இடத்துல கெடந்துச்சு. பாட்டு ஒண்ணுதான், மொதல்ல கேட்ட நாலு பேரு என்ன செஞ்சாங்கங்கதுலதான் வித்தியாசம். ரொம்ப நல்ல பாட்டு அடிமட்டத்துக்குப் போறதும் ரொம்ப மோசமானது உச்சிக்கு வாரதும் அபூர்வம்தான், ஆனா நடுவுல உள்ளது எங்க வேணாலும் போகும். பெறவு இன்னொரு பரிசோதனையில அந்த எண்ணிக்கையத் தலைகீழாத் திருப்பிக் காட்டிப் பாத்தாங்க, பொய்யா மேல ஏத்துன பாட்ட ஜனம் நெசமாவே எடுக்க ஆரம்பிச்சிட்டு. ரொம்ப நல்ல பாட்டு மட்டும் பைய பைய மேல ஏறி வந்துச்சு. ஆனா மொத்தமா ஜனம் எடுத்த பாட்டோட எண்ணிக்கை கொறஞ்சுபோச்சு. எங்க கமிட்டி குரூப்ல வரிசையா விழுந்த கைதட்டும் இதே சங்கதிதான்னு எனக்குப் பெறவுதான் வெளங்குச்சு.

அதனால குரூப்ல லிங்க் வந்தா நான் செய்யுத வழி இது. போனக் குப்புறப் போட்டுருவேன். முழுசாக் கேப்பேன், ஒரு நிமிச ரீல்னா அதோட முழு வீடியோவத் தேடிக் கண்டுபிடிச்சுக் கேப்பேன், கேட்டு முடிச்சதும் எனக்கு என்ன தோணுச்சுன்னு ஒரு வரி நோட்டுல எழுதுவேன், அதுக்கப்புறம்தான் கீழ என்ன சொல்லிருக்காங்கன்னு பாப்பேன். எழுதாம கமெண்ட்டப் படிச்சா அடுத்தவன் சொன்னது நம்ம நெனப்பு மாதிரியே உள்ள வந்து உக்காந்துரும். குரூப்ல நீங்களே முதல்ல கேட்ட ஆளா இருந்தா நெருப்பு எமோஜி போடாதீங்க, என்னத்தக் கேட்டீங்கன்னு எழுதுங்க, உங்களுக்குப் பெறவு வாரவங்களுக்கு அதுதான் ஒதவும்.

ரெண்டாவது, நானூறு பேருல உங்களுக்குன்னு நாலு காதப் புடிங்க. எப்படிப் புடிக்கதுன்னா, நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லுத ஆள விட்டுருங்க, எந்த இடம் நல்லா இருக்குன்னு சொல்லுத ஆளப் பாருங்க. நான் இருக்க பழைய பாட்டு குரூப் ஒண்ணுல சங்கரன்கோயில் பக்கத்து ரிட்டயர்டு லைன்மேன் அண்ணாச்சி ஒருத்தர் உண்டு, அவரு பாட்டு போட்டா நிமிசம் செகண்டோட போடுவாரு, 'இந்த இடத்துல தவில் நின்னுரும், நாயனம் மட்டும் தனியாப் போகும், அத மட்டும் கேளுங்க'ம்பாரு. அவரு போடுததுக்கு ரெண்டு லைக்குக்கு மேல விழுந்து நான் பாத்ததில்ல. காருக்குறிச்சி அருணாசலம் நாகஸ்வரம்னா எங்க எல்லாருக்கும் 1962ல வந்த கொஞ்சும் சலங்கை படத்துப் பாட்டு ஒண்ணுதான் தெரியும், எந்த குரூப்புக்குப் போனாலும் அதைத்தான் மாத்தி மாத்திப் போடுதாங்க, அதுக்குத்தான் லைக் விழுது, லைக் விழுததால திரும்ப அதுவே வருது. காருக்குறிச்சி எங்க ஊர்ல இருந்து கூப்பிடுத தூரம். டி.என். ராஜரத்தினம் பிள்ளைகிட்ட படிச்சு, 1964ல 43 வயசுக்குள்ள போயிச் சேந்த மனுசன், அவரோட முழுக் கச்சேரிய நான் கேட்டது இந்த லைன்மேன் அண்ணாச்சி போட்ட ஒரு பழைய ரெக்கார்டிங்லதான். தார்சாவுல உக்காந்து கேட்டேன், ஆலாபன முடியதுக்குள்ள எங்க அம்மா அடுப்ப அணைச்சிட்டு வந்து பக்கத்துல உக்காந்துட்டாங்க. ஒரு மாசம் அவரு போடுதத விடாமக் கேட்டுப் பாருங்க, பத்துக்கு ஆறு உங்களுக்கும் ஒத்து வந்தா அவரு உங்க ஆளு. ஒத்து வராத நாலையும் கேளுங்க, காது வளருதது அங்கதான்.

லிங்க்க அமுக்கதுல ஒரு விசயம் உண்டு, அதையும் சொல்லிருதேன். குரூப்ல வந்ததேன்னு மரியாதைக்கு அமுக்குத ஒவ்வொண்ணும் உங்க யூடியூப், ஸ்பாட்டிஃபை கணக்குல ஏறுது. ஸ்பாட்டிஃபைல 2015ல இருந்து திங்கக்கிழமை திங்கக்கிழமை 30 பாட்டு வருது பாத்தீங்களா, அது உங்கள மாதிரி கேக்குத மத்தவங்க என்னென்ன பாட்ட ஒண்ணாச் சேத்து லிஸ்ட் போட்டுருக்காங்கங்கதையும் பாத்துத்தான் வருது, ஆக குரூப்ப விட்டு நீங்க வெளிய வந்தாலும் குரூப்போட ருசி பின்னாலயே வரும். சும்மா எட்டிப் பாக்குத லிங்க்குக்கு ஸ்பாட்டிஃபைல பிரைவேட் செஷன் போட்டுக்கிடுங்க, யூடியூப்ல ஹிஸ்டரிய நிப்பாட்டி வையுங்க. நெசமாப் பிடிச்சத மட்டும் உங்க லிஸ்ட்ல சேருங்க.

வாட்ஸ்அப்ல வார சத்தத்த வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க, இது நம்ம ஊர் இசைக்கு ரொம்ப முக்கியம். வீடியோவ அது அமுக்கித்தான் அனுப்பும், அதுல சத்தமும் சப்பிப் போயிரும். வில்லுப்பாட்டுல குடத்து வாயில தட்டுனா அடிவயித்துல கும்முன்னு ஒண்ணு விழும்லா, அது போன் ஸ்பீக்கர்ல வரவே வராது, ஜால்ராவும் வில்லு மணியும்தான் கேக்கும். கணியான் கூத்துல மகுடம்னு சொல்லுத தோல் கருவி ரெண்டு, உச்சம் ஒண்ணு மந்தம் ஒண்ணு, போன்ல உச்சம் மட்டும் கேக்கும். அதக் கேட்டுட்டு 'சத்தம் ஒரே கீச்சுன்னு இருக்கு, வேண்டாம்'னு ஒரு நல்ல செட்ட எங்க கமிட்டியே தள்ளிவிட்டது எனக்குத் தெரியும். நீங்க அனுப்புதா இருந்தா டாக்குமெண்ட்டா அனுப்புங்க, அப்படிப் போனா அமுக்காது.

இப்ப சாமான் வாங்குத கதைக்கு வாரேன். பாட்டு குரூப்ல ரொம்ப நாள் இருந்தா பேச்சு பாட்டுல இருந்து பைய இயர்போனுக்குப் போயிரும், இத எந்த குரூப்லயும் பாக்கலாம். ஒருத்தர் 'இதுல கேட்டா ராஜா சார் பேஸ் கிட்டார் தனியாத் தெரியுது'ன்னு ஒரு லிங்க் போடுவாரு, பத்து பேரு வாங்குவாங்க, வாங்குன பத்து பேரும் நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாங்க, காசு குடுத்துட்டு நல்லா இல்லன்னு சொல்ல யாருக்கு மனசு வரும். நான் அப்படி 6,000 ரூவாக்கு ஒண்ணு வாங்குனேன். வாங்குன பெறவு மச்சினன உக்காரவச்சு ஒரு சோதனை செஞ்சோம், நீங்களும் வாங்கதுக்கு முந்தி யார்கிட்டயாவது இரவல் வாங்கி இதச் செய்யுங்க. பழையது ஒண்ணு, புதுசு ஒண்ணு, ரெண்டுலயும் சத்தம் ஒரே அளவா இருக்கணும், இதுதான் முக்கியம், ஏன்னா சத்தம் ஒரு இம்மி கூட இருந்தாலே காது அதைத்தான் நல்லா இருக்குன்னு சொல்லும். பெறவு ஒரே பாட்டு, ஒரே ஒரு நிமிசம், மாத்தி மாத்திக் கேட்டு, அந்த பேஸ் கிட்டார் எதுலயாவது நெசமாவே தனியாத் தெரியுதான்னு எழுதி வையுங்க. பைலுக்கும் இதே சோதனைதான், சத்தத்துல எதையும் வெட்டாத லாஸ்லெஸ் எது, அமுக்குன 320 எம்பி3 எதுன்னு பாக்காம இருவது தடவ சொல்லிப் பாருங்க, பத்து பன்னெண்டு சரின்னா நீங்க கேட்டுச் சொல்லல, குத்துமதிப்பாச் சொல்லுதீங்க. புளூடூத்ல கேக்குதவங்க லாஸ்லெஸ்ஸுக்குன்னு தனியாக் காசு கட்டுததுக்கு முந்தி ஒருவாட்டி யோசிங்க, சாதாரண புளூடூத் போற வழியில திரும்பவும் அமுக்கித்தான் அனுப்புது. லிங்க் போட்டவருக்கு அதுல கமிஷன் உண்டான்னு கேளுங்க. கமிஷன் வாங்குதது தப்பில்ல, ஆனா கேட்டாச் சொல்லணும்.

எல்பி ரெக்கார்டு வாங்குதவங்களுக்கு. எக்கோ, இன்ரெக்கோ லேபிள் பழைய ரெக்கார்டு ஒண்ணோட போட்டோவ குரூப்ல ஒருத்தர் போட்டா, 'எங்க கெடைக்கும் எங்க கெடைக்கும்'னு மூணு பேரு கேட்டாப் போதும், அடுத்த வாரம் வெல வேற. விக்கவரும் ஆகா ஓகோங்கவரும் ஒரே ஆளாங்கதப் பழைய மெசேஜத் தேடிப் பாருங்க. ரெக்கார்டு வாங்கி விக்குத டிஸ்காக்ஸ் சைட்ல போயி அந்த ரெக்கார்டு இதுக்கு முந்தி நெசமா என்ன வெலைக்குப் போச்சுன்னு பாருங்க, கேக்குத வெல வேற, வித்த வெல வேற, ரெண்டும் அங்க இருக்கும். கண்டிஷன் விஜின்னு (வெரி குட்) போட்டிருந்தா நல்லா இருக்குன்னு அர்த்தம் பண்ணிக்கிடாதீங்க, பாட்டு நடுவுல கரகரப்பு நல்லாவே கேக்கும், விஜி பிளஸ்ஸுக்குக் கீழன்னா நான் வாங்கதில்ல. வெளிச்சத்துக்குச் சாய்ச்சுப் பிடிச்சு போட்டோ கேளுங்க, ஊசி எறங்குததுல இருந்து ஒரு நிமிசம் ஓடவிட்டு வீடியோ கேளுங்க. 'கடைசி பீஸு, இன்னைக்கே சொல்லணும்'னா நான் வேண்டாம்னு சொல்லிருவேன்.

புதுசா சொந்தமாப் பாட்டு போடுத பயலுவ பாட்டு விக்குத பேண்ட்கேம்ப் சைட்ல வச்சிருந்தா அங்கனயே வாங்குங்க, டிஜிட்டலுக்கு 15 சதவீதம்தான் கம்பெனி எடுக்கு, மத்த செலவு போக மிச்சம் அவங்களுக்குத்தான் போகுது.

நம்ம பக்கத்து ஆளுகளுக்கு அப்படி ஒரு வழி இல்ல, அதுதான் எனக்கு மனசு கேக்காத விசயம். கொடை வீடியோ யூடியூப்ல லட்சம் பேரு பாத்தாலும் விளம்பரக் காசு சேனல் வச்சிருக்கவருக்குத்தான், ராத்திரி பூரா தொண்டத் தண்ணி வத்தப் பாடுன ஆசானுக்கு அடுத்த கொடைக்கு யாராவது கூப்பிட்டாத்தான் காசு. கூப்பிடணும்னா பேரு தெரியணும், முக்காவாசி வீடியோவுல கோயில் பேரு இருக்கு, கமிட்டி பேரு இருக்கு, ஆசான் பேரு இல்ல. அதனால குரூப்ல ஒரு வீடியோ பிடிச்சிருந்தா நெருப்பு போடுதத விட 'ஆசான் யாரு, எந்த ஊரு'ன்னு கேளுங்க, தெரிஞ்சா கீழ எழுதுங்க, அவருகிட்டக் கேட்டுக்கிட்டு நம்பரும் போடுங்க.

மேளம், வில்லு, கணியான் எது பேசுனாலும் இப்ப நான் செய்யுதது: குரூப்ல வாரத வச்சு அஞ்சு செட் பேரு எழுதிக்கிடுவேன், அதுக்குத்தான் குரூப். பெறவு போன் போட்டு, அடுத்த கொடை எங்க வாசிக்கீங்கன்னு கேட்டு நேர்ல போவேன். சாயந்தரம் போயிட்டு எட்டு மணிக்குத் திரும்புனாப் பிரயோசனம் இல்ல, சினிமாப் பாட்டு வாசிக்குத நேரம் எல்லாருமே நல்லாத்தான் வாசிப்பாங்க, சாமி வார நேரத்துல தவில்காரர் சாமியாடி கால் போற போக்கப் பாக்காரா, கூட்டத்தப் பாக்காரான்னு கவனிக்கணும். வில்லுன்னா கதையில எங்க நிப்பாட்டுதாங்க, பக்கப்பாட்டுக்காரங்க தூங்காம ஆமா போடுதாங்களான்னு பாக்கணும். வாசிச்ச ஆளுக பேரக் கேட்டு, இந்த ஆளுகதான் வரணும்னு அச்சாரச் சீட்டுலயே எழுதி வாங்கிக்கிடுங்க. ரீல்ல பாத்த ஆளுதான் வேணும்னா அதையும் எழுதுங்க.

போன ஆடியில ஒரு வில்லு ஆசான அப்படித்தான் வீரவநல்லூர்ப் பக்கம் போயிக் கேட்டேன். முடிச்சிட்டு வேட்டியில கையத் தொடச்சுக்கிட்டே வந்தாரு. 'தம்பி, போன்ல பாத்துட்டு பேசுதவங்கதான் இப்பக் கூட, நீங்க விடிய விடிய உக்காந்திருந்தீங்களே, எந்தக் கோயிலுக்கு, எந்தக் கதை வேணும்'னு கேட்டாரு. அதுக்கு முந்தி எத்தனையோ செட்டுக்காரங்ககிட்டப் பேசிருக்கேன், எந்தக் கதை வேணும்னு என்கிட்டக் கேட்ட மொத ஆளு அவருதான். கூடப் போன அந்த ரீல் போட்ட தம்பிதான் நான் வாயத் தொறக்கதுக்குள்ள கதையச் சொன்னான், எங்க தாத்தாகிட்ட முன்கூட்டியே கேட்டு வச்சிருந்திருக்கான்.