உவமையா, உருவகமா? சட்டெனக் கண்டுபிடிக்க

செய்யுளில் என்ன அணி என்று கேட்டதும் பலர் 'போல' என்ற சொல்லைத் தேட ஆரம்பிக்கிறார்கள். அது பாதி வழிதான். சொல் வரிசையையும் பாருங்கள். 'மலர்முகம்' என்றால் உவமையான மலர் முன்னே, பொருளான முகம் பின்னே, அது உவமைத்தொகை. 'முகமலர்' என்று திரும்பினால் உருவகம். அங்கே முகமே மலராகிவிட்டது.

இரண்டு தொடர்கள் தனித்தனியே நின்று, இடையில் 'போல' மாதிரியான உவம உருபு இல்லையென்றால் எடுத்துக்காட்டு உவமை. முதல் குறளே போதும்: எழுத்துக்கு அகரம், உலகுக்கு ஆதிபகவன். உவமையை மட்டும் சொல்லிப் பொருளை விட்டுவிட்டால் பிறிது மொழிதல். மயிலிறகு ஏற்றிய வண்டியின் அச்சு முறிகிற 475ஆம் குறள் அந்த வகை.

தேர்வில் ஆளைக் கவிழ்ப்பது தற்குறிப்பேற்றம்தான். மதுரை மதில்மேல் கொடிகள் காற்றில் அசைகின்றன. அவை கோவலனை வராதே என்று கைகாட்டித் தடுப்பதாகச் சிலப்பதிகாரத்தில் இளங்கோ பாடுகிறார். அங்கே 'வாரல் என்பனபோல்' என்று வருகிறது. சரி, 'போல்' இருக்கிறதே என்று உவமை அணி என எழுதிவிடாதீர்கள். இயல்பாக நடக்கிற ஒன்றின் மேல் கவிஞர் தன் கருத்தை ஏற்றுகிறாரா என்று பாருங்கள்.

விடையில் அணியின் பெயரோடு நிறுத்தாமல் உவமை, பொருள், உருபு மூன்றையும் பிரித்துக் காட்டுங்கள். உருபு மறைந்திருந்தால் அதையும் எழுதுங்கள்.