மலேசியாவில் தூரத்துச் சொந்தம்: பெங்களூரிலிருந்து கிளம்புமுன்

கோலாலம்பூர் டிக்கெட் போடுவதற்கு முன் வீட்டுப் பெரியவரோடு தாளும் பேனாவுமாக உட்காருங்கள். அங்கே இருப்பவர் உங்களுக்கு என்ன முறை என்பது தெரியாமல் போகக் கூடாது. அப்பாவழித் தாத்தாவின் தம்பி மகன், அப்பாவைவிட இளையவர் என்றால், உங்களுக்குச் சித்தப்பா. அதே தாத்தாவின் தங்கை மகன் அப்பாவுக்கு மச்சான், உங்களுக்கு மாமா. பங்காளியை மச்சான் என்று அழைத்துவிட்டால் அந்தச் சங்கடம் சாப்பாட்டு இலை வரை தொடரும். பூர்வீக ஊர், குலதெய்வம் இரண்டையும் அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு உங்கள் பெயர் தெரியாது. குலதெய்வத்தின் பெயரைச் சொன்னால் சட்டென்று பிடிபடும்.

அடுத்து போன். அங்கே 012 என்று எண் கொடுப்பார்கள். முதல் சைபரை எடுத்துவிட்டு +60 12 என்று பதிந்தால்தான் வாட்ஸ்அப்பில் காட்டும். நம்மைவிட அங்கே இரண்டரை மணி நேரம் முன்னால். இரவு ஒன்பதுக்கு நீங்கள் கூப்பிட்டால் அவர்களுக்குப் பதினொன்றரை. ஞாயிறு காலை எட்டரைக்குப் பேசுங்கள். மூன்று, நான்கு வாரம் முன்பே சொல்லி, தேதியை அவர்களையே குறிக்கச் சொல்லுங்கள். "ஒரு வேளை சாப்பாட்டுக்கு வர்றோம், தங்கறது ஓட்டல்ல" என்று முதல் பேச்சிலேயே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அறையை ஒழித்து, மெத்தை வாங்கி வைத்துக் காத்திருப்பார்கள்.

இந்தியர்களுக்கு 2026 டிசம்பர் 31 வரை 30 நாளுக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் பாக்கி இருக்க வேண்டும், திரும்பும் டிக்கெட்டும் கையில் இருக்கட்டும். மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் போலி. தங்குமிட முகவரியில் ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு கேட்கும், அதை முன்பே வாங்கி வையுங்கள்.

கையில் என்ன கொண்டுபோவது? முதல்நாள் அரைத்து, காற்றுப் புகாமல் கட்டிய ஃபில்டர் காபிப்பொடி கால் கிலோ பாக்கெட் இரண்டு, நிப்பட்டு, கோடுபளே போன்ற நம்ம ஊர் நொறுக்குத்தீனி போதும். கொப்பரைத் தேங்காயை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், அது எளிதில் தீப்பிடிக்கும். பழம், விதை, செடி எதையும் தொடாதீர்கள், அனுமதிச் சீட்டு இல்லாமல் போனால் அங்கே பறிமுதல்தான். குலதெய்வக் கோயில் திருநீறு கொண்டுபோனால் பெயர் அச்சிட்ட பொட்டலத்திலேயே வையுங்கள். பெயரில்லாத வெள்ளைப்பொடியைப் பார்த்தால் கேள்வி வரும்.

விமான நிலையத்திலிருந்து எக்ஸ்பிரஸ் ரயிலில் அரை மணி நேரத்தில் நகரின் முக்கிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரல். தமிழர்கள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதி பக்கத்திலேயே இருக்கிறது. பக்கத்து ஊரான கிள்ளான் போகிறவர்களுக்கு கே.எல். சென்ட்ரலிலிருந்தே கொமுட்டர் என்ற புறநகர் ரயில்.

சாப்பாடு முடிந்தபின் பழைய போட்டோ ஆல்பத்தைக் கேளுங்கள். உண்மையான சொந்தம் அதில்தான் இருக்கிறது. போட்டோவை ஜன்னலோர மேசையில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் நேர் மேலிருந்து எடுங்கள். ஃபிளாஷ் போட்டால் முகத்தின் மேலேயே வெள்ளைத் திட்டு விழும். பின்பக்கத்தையும் எடுக்க மறக்காதீர்கள்; ஊர், தேதி, ஸ்டூடியோ முத்திரை அங்கேதான் இருக்கும். பெரியவர் ஒவ்வொரு முகமாகக் காட்டும்போது பெயரை அப்போதே எழுதுங்கள். ஊர் திரும்பிய வாரமே உங்கள் வீட்டுப் போட்டோக்களையும் முறை எழுதிய தாளையும் அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள்.