கிராமப்புறக் கவுண்டியில் உயர்நிலைப் பள்ளிகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜே-1 விசாவில் அமெரிக்கா வந்து பயிற்சி முடித்த மருத்துவர், மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று ஆண்டுகள் பணியாற்ற ஒப்புக்கொண்டால், தாயகத்தில் இரண்டு ஆண்டுகள் தங்கவேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து மாநில அரசின் பரிந்துரையோடு விலக்குப் பெறும் ஏற்பாடு 1994 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்த வழியாகவும் வேறு வேலைகள் வழியாகவும் தமிழ்க் குடும்பங்கள் சில, அதுவரை பெயரே கேள்விப்பட்டிராத மலைக் கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதிகளில்) குடியேறுகின்றன. உயர்நிலைப் பள்ளி வயதில் பிள்ளை இருந்தால், பெரிய நகரங்களில் பள்ளி தேடிய அதே பழக்கத்தில், இணையத்தில் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று பார்த்து முடிவெடுத்துவிடுகிறோம். கிராமப்புறத்தில் அந்தப் பழக்கம் நம்மைத் தவறான இடத்துக்கு இட்டுச்செல்லும்.

மேற்கு வர்ஜீனியாவின் மெக்டவல் கவுண்டியை எடுத்துக்கொள்வோம். நிலக்கரிச் சுரங்கங்கள் செழித்திருந்த 1950இல் ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் இருந்த இந்தக் கவுண்டியில், 2020 கணக்கெடுப்பின்போது எஞ்சியிருந்தவர்கள் சுமார் 19,000 பேர். வெல்ச் நகரில் உள்ள மவுண்ட் வியூ, பிராட்ஷாவில் உள்ள ரிவர் வியூ என இரண்டே பொது உயர்நிலைப் பள்ளிகள். ரிவர் வியூ 2010இல் பிக் கிரீக், யேகர் ஆகிய இரு பழைய பள்ளிகளை மூடி ஒன்றாக்கியதால் உருவானது. ரிவர் வியூவில் 9 முதல் 12 வரை வகுப்புகள். மவுண்ட் வியூவிலோ 6ஆம் வகுப்பிலிருந்தே பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆகவே மொத்த மாணவர் எண்ணிக்கையையும் ஓர் ஆசிரியருக்கு எத்தனை மாணவர் என்ற விகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே முதல் தவறு. இரண்டும் உயர்நிலைப் பள்ளி என்றே அழைக்கப்பட்டாலும், அந்த எண்கள் வெவ்வேறு வயதுப் பிள்ளைகளைக் கணக்கில் கொள்கின்றன.

அடுத்த தவறுதான் மிகப் பெரியது: சிறிய எண்ணிக்கையிலிருந்து வரும் விழுக்காட்டை நம்புவது. ஒரு வகுப்பில் 40 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணிதத் தேர்வில் சென்ற ஆண்டு 14 பேர் தேறினார்கள், இந்த ஆண்டு 18 பேர் தேறினார்கள் என்றால், தேர்ச்சி 35 விழுக்காட்டிலிருந்து 45 விழுக்காட்டுக்கு ஏறிவிட்டதாக அறிக்கை சொல்லும். நடந்தது நான்கு பிள்ளைகளின் மாற்றம் மட்டுமே. நன்றாகப் படிக்கும் இரு குடும்பத்துப் பிள்ளைகள் ஊர் மாறி வந்தாலே இது நடந்துவிடும். எந்த மாநிலப் பட்டியலிலும் முதல் வரிசையிலும் கடைசி வரிசையிலும் சிறிய பள்ளிகள் அதிகம் தென்படுவதற்கு இதுவே பெரும் காரணம். குறைந்தது மூன்று நான்கு ஆண்டு எண்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்போதும் அந்தந்த ஆண்டில் என்ன நடந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். 2020 வசந்தத்தில் நாடெங்கும் மாநிலத் தேர்வுகள் நடக்கவில்லை. 2025 பிப்ரவரியில் மெக்டவலைக் கடும் வெள்ளம் தாக்கியது. மாணவர் தொகை மிகச் சிறியதாக இருந்தால், தனிப்பட்ட பிள்ளையை அடையாளம் காண முடியாதிருக்க மாநிலங்கள் எண்ணையே மறைத்துவிடும். காலியாக இருக்கும் கட்டத்தைக் குறையாக எண்ணிவிடாதீர்கள்.

உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிப்போரின் விகிதத்தையும் இதே எச்சரிக்கையோடு வாசிக்க வேண்டும். 9ஆம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் நான்கு ஆண்டுகளில் பள்ளிப் பட்டயம் பெற்றார்கள் என்பதே அந்த எண். வேறு பள்ளிக்கு மாறியதற்கு ஆவணம் இருந்தால் அந்தப் பிள்ளையின் பெயர் கணக்கிலிருந்து நீக்கப்படும், இல்லையென்றால் படிப்பை விட்டவராகவே கணக்கில் நிற்கும். வேலை தேடிக் குடும்பங்கள் இடம்பெயரும் கவுண்டியில், கற்பித்தலின் தரத்தோடு அலுவலகக் கோப்பின் ஒழுங்கும் இந்த விகிதத்தில் கலந்திருக்கிறது.

எல்லை தாண்டி ஒப்பிடுவது இன்னொரு தவறு. மெக்டவலுக்குத் தெற்கே மலையைக் கடந்தால் வர்ஜீனியா மாநிலம். மேற்கு வர்ஜீனியாவில் 2018 முதல் 11ஆம் வகுப்பு மாணவர்களுக்கு, கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வே மாநிலத் தேர்வு. வர்ஜீனியாவில் அதைக் கல்லூரிக்குப் போக விரும்புபவர்கள் மட்டும் எழுதுகிறார்கள். எல்லோரும் எழுதும் இடத்தில் சராசரி குறைவாக இருப்பது இயல்பு.

இலவச மதிய உணவு பெறுவோரின் விழுக்காட்டைக் கொண்டு வறுமையை அளப்பதும் இப்போது பயன்படாது. 2014 முதல், தகுதிபெறும் பள்ளிகளில் வருமானம் கேட்காமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் உணவு அளிக்க நாடு முழுவதும் வழி செய்யப்பட்டிருக்கிறது.

பாடங்களின் பட்டியலைப் பார்த்து மயங்குவதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பிள்ளையின் அன்றாடம் இதில்தான் இருக்கிறது. கையேட்டில் இயற்பியலும் கால்குலஸும் அச்சாகியிருக்கலாம். பதிவு செய்தவர் மூவரே என்றால் அந்த ஆண்டு வகுப்பு நடக்காமலே போகலாம், அல்லது மாநில மெய்நிகர் பள்ளி வழியாகத் திரையில் நடக்கலாம். ஏ.பி. எனப்படும், பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடக்கும் பாடங்கள் குறைவு என்பதால் பள்ளியை ஒதுக்கிவிடவும் வேண்டாம். பல ஊரகப் பள்ளிகள் அருகிலுள்ள சமுதாயக் கல்லூரியோடு சேர்ந்து, பள்ளியில் படிக்கும்போதே கல்லூரி மதிப்பலகுகள் (கிரெடிட்) பெறும் வகுப்புகளை நடத்துகின்றன. தேசியத் தரவரிசைகளில் ஏ.பி. தேர்வுக்குத் தரப்படும் முக்கியத்துவம் இந்த வகுப்புகளுக்குக் கிடைப்பதில்லை. மெக்டவலில் தொழிற்பயிற்சி மையம் ஒன்று வெல்ச்சில் தனியே இயங்குகிறது. இரு பள்ளி மாணவர்களும் அங்கே செல்வதால், வெல்டிங் வகுப்பு எந்தப் பள்ளியில் இருக்கிறது என்ற கேள்விக்கே பொருளில்லை. பள்ளியின் ஆலோசகரிடம் கேட்க வேண்டியவை வேறு: சென்ற ஆண்டு எந்தெந்தப் பாடங்கள் உண்மையில் நடந்தன, வகுப்பில் ஆசிரியர் நின்று நடத்தினாரா, கணிதத்துக்கும் அறிவியலுக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா, நீண்டகால மாற்று ஆசிரியர் எத்தனை மாதம் வகுப்பைப் பார்த்துக்கொண்டார்.

வீட்டைப் பிடித்துவிட்டுப் பள்ளியைத் தேடுவதும் பலர் செய்வதுதான். பள்ளத்தாக்குகளில் வளைந்து செல்லும் சாலைகளில் வரைபடத்தின் நேர்க்கோட்டுத் தூரத்துக்குப் பொருளில்லை. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், அந்த முகவரி எந்தப் பள்ளியின் எல்லைக்குள் வருகிறது, பேருந்து காலையில் எத்தனை மணிக்கு எந்த வளைவில் நிற்கும், மாலையில் விளையாட்டுப் பயிற்சி முடித்துத் திரும்பும் பிள்ளைக்கு வண்டி உண்டா என்று கவுண்டிக் கல்வி அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள்.