கூரை ஷிங்கிளின் நிறம்: பலரும் எங்கே கோட்டை விடுகிறார்கள்?

அஸ்பால்ட் ஷிங்கிள் என்பது ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஆணி அடிக்கும், தார் ஏற்றிய மெல்லிய பட்டை. அந்தக் கூரையை ஒருமுறை போட்டுவிட்டால் சுமார் 20 ஆண்டுகள், நல்ல ரகமாக இருந்தால் இன்னும் அதிகமாகவே, அந்த நிறத்தோடுதான் வாழ வேண்டும். ஆனால் நிறத்தைத் தேர்ந்தெடுக்க ஒதுக்கும் நேரம் பெரும்பாலும் அரை மணிதான். பழைய கூரை ஒழுகுகிறது, ஒப்பந்ததாரர் "நாளைக்குள் நிறத்தைச் சொல்லுங்கள்" என்கிறார், மேசை மேல் மாதிரி அட்டையை விரித்து "இதுவே இருக்கட்டும்" என்று விரலை வைத்துவிடுகிறோம்.

அந்த மாதிரி அட்டைதான் முதல் வில்லங்கம். ஷிங்கிளின் மேல்பரப்பில் ஒட்டியிருப்பவை நொறுக்கிய கல்லின் சிறு துகள்கள். அவற்றின் மேல் நிறமேற்றிய செராமிக் பூச்சைச் சுட்டு ஏற்றியிருப்பார்கள். அடியில் உள்ள தாரை வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து காப்பதும் இந்தத் துகள்கள்தான். 'பழுப்பு' என்று விற்கும் ஷிங்கிளில் கருப்பு, மணல் நிறம், செம்மை என்று பல நிறத் துகள்கள் கலந்திருக்கும். கையகல மாதிரியில் அந்தக் கலவையின் ஒரு மூலை மட்டுமே தெரியும். கூரை முழுக்கப் பரப்பித் தெருவிலிருந்து பார்க்கும்போது எல்லாம் கலந்து வேறொரு நிறமாகிவிடும். சாம்பல் என்று வாங்கியது நீலம் தட்டும், பழுப்பு என்று வாங்கியது சிவந்து நிற்கும்.

அதனால் முழு ஷிங்கிள்கள் நான்கைந்தைக் கேட்டு வாங்குங்கள். ஒரு பலகையில் அடுக்கி, உங்கள் கூரையின் சாய்வுக்கே சாய்த்து, வீட்டுச் சுவரை ஒட்டி வையுங்கள். தெருவின் எதிர்ப்பக்கம் போய்ப் பாருங்கள். காலை வெயிலில் ஒருமுறை, உச்சி வெயிலில் ஒருமுறை, வானம் மூடியிருக்கும்போது ஒருமுறை. கடை விளக்கில் எடுத்த துணி வாசலுக்கு வந்ததும் வேறு நிறம் காட்டுமே, அதே கதைதான் இங்கேயும். இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு: அதே நிறுவனத்தின் அதே ரகம், அதே நிறம் போட்ட வீடு எங்கே இருக்கிறது என்று ஒப்பந்ததாரரிடம் கேட்டு நேரில் போய்ப் பார்ப்பது. வீட்டின் படத்தை ஏற்றினால் கூரையின் நிறத்தை மாற்றிக் காட்டும் செயலிகளும் இருக்கின்றன. அடர்நிறமா வெளிர்நிறமா என்று முடிவு செய்ய அவை போதும். அதற்கு மேல் அந்தத் திரையை நம்ப வேண்டாம்.

நிறத்தின் பெயரையும் நம்ப முடியாது. 'வெதர்ட் வுட்' (வெயில் மழையில் அடிபட்ட மரம்) என்ற பெயரைப் பல நிறுவனங்கள் வைத்திருக்கின்றன; ஒன்றின் கலவை இன்னொன்றில் வராது. "அந்த பிராண்டு கையிருப்பில் இல்லை, இதிலும் அதே நிறம் இருக்கிறது" என்று யாராவது சொன்னால், மாதிரி பார்க்கும் வேலையை முதலிலிருந்து தொடங்குங்கள்.

அடுத்தது, எதை வைத்துப் பொருத்தம் பார்ப்பது என்பது. பலரும் இப்போதைய சுவர் பெயின்டோடு பொருத்துகிறார்கள். பெயின்ட், கூரையின் ஆயுளுக்குள் ஒன்றிரண்டு முறையாவது மாறப்போகிறது. செங்கல்லும் கல் பதிப்பும் மாறாது, அவற்றிலிருந்து தொடங்குங்கள். செங்கல் சிவப்பும் ஆரஞ்சுமாக இருந்தால், நீலம் தட்டும் சாம்பல் கூரை அதோடு ஒட்டாது. செங்கல்லிலேயே ஏகப்பட்ட நிறங்கள் இருந்தால் கூரை அமைதியாக இருக்கட்டும். சுவர் வெறுமையாக, ஒரே நிறமாக இருந்தால் கலவை தூக்கலான ஷிங்கிள் எடுபடும். சுவரும் கூரையும் அச்சாக ஒரே நிறத்தில் இருப்பது பொருத்தம் அல்ல. வீடே ஒரு பாளமாகத் தெரியும்.

கூரை எவ்வளவு கண்ணில் படும் என்பதையும் பாருங்கள். சாய்வு குறைவென்றால் தெருவிலிருந்து ஒரு கீற்றுதான் தெரியும், அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

வெப்பம் பற்றிய பேச்சில் இரண்டு பக்கமும் மிகைப்படுத்தல் இருக்கிறது. அடர்நிறம் அதிகம் சூடாகும் என்பது உண்மைதான். கடும் கோடை வெயிலில் சாதாரணக் கூரையின் மேல்பரப்பு 65 டிகிரி செல்சியஸைத் தாண்டலாம். ஆனால் 'வெள்ளை' என்று விற்கும் சாதாரண ஷிங்கிளும் வெயிலில் ஏறத்தாழ கால் பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. அடர்நிறங்கள் அதைவிடக் குறைவு. வெளிர்நிறம் எடுத்ததாலேயே மின்கட்டணம் பாதியாகிவிடாது. அந்தச் சூட்டில் எவ்வளவு வீட்டுக்குள் இறங்கும் என்பதைக் கூரைக்கு அடியில் உள்ள இன்சுலேஷனும் (வெப்பத் தடுப்பு அடுக்கு) காற்றோட்டமும்தான் பெரிதும் தீர்மானிக்கின்றன. அங்கே ஓட்டை இருக்கும்போது நிறத்தைப் பற்றி மட்டும் வாதிடுவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை. வெயில் கடுமையான ஊர் என்றால் 'கூல்' ஷிங்கிள் பற்றிக் கேளுங்கள். சூரிய ஆற்றலில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்; அதைத் திருப்பும் நிறமிகளை இந்தத் துகள்களில் சேர்க்கிறார்கள். அதனால் ஓரளவு அடர்நிறத்திலும் சூடு குறையும். பெயரைப் பார்க்காமல், வெயிலை எவ்வளவு திருப்புகிறது என்ற எண்ணைக் கேளுங்கள்: புதிதாக இருக்கும்போது எவ்வளவு, 3 ஆண்டு கழித்து எவ்வளவு என்று.

பனி பெய்யும் ஊர்களில் "கருப்புக் கூரை பனியை உருக்கிவிடும்" என்பார்கள். பனி மூடிய பிறகு கூரையின் நிறத்தை வெயில் எங்கே பார்க்கிறது? ஓரத்தில் பனிக்கட்டி அணைபோலச் சேர்வதற்கு முக்கியக் காரணம், வீட்டுக்குள்ளிருந்து மேலே கசியும் வெப்பம்.

வெளிர்நிறக் கூரைகளில் சில ஆண்டுகளில் கருப்புக் கோடுகள் வழிந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது புகையோ தூசியோ இல்லை. பெரும்பாலும் குளியோகாப்சா மாக்மா என்ற நீலப்பச்சைப் பாசி. ஈரப்பதம் மிகுந்த இடங்களிலும் நிழல் விழும் சாய்வுகளிலும் செழிக்கும். ஷிங்கிளில் நிரப்பியாகச் சேர்க்கும் சுண்ணாம்புக்கல்தான் அதற்குத் தீனி. அடர்நிறத்திலும் வளரும், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். இதற்குப் பயந்து பிடித்த வெளிர்நிறத்தைக் கைவிட வேண்டியதில்லை. செம்பு கலந்த துகள்கள் சேர்த்த பாசித் தடுப்பு ரகம் கிடைக்கிறது. அப்புறம், கோடுகளைப் போக்க உயர் அழுத்தத் தண்ணீர் அடிக்காதீர்கள், துகள்கள் உதிர்ந்துவிடும்.

சோலார் பேனல் வைக்கும் எண்ணம் இருந்தால் அதை இப்போதே கணக்கில் எடுங்கள். கருப்பு பேனல் அடர் கூரையில் கலந்துவிடும், வெளிர் கூரையில் துருத்திக்கொண்டு நிற்கும். முகட்டு ஷிங்கிள், காற்றுக் குழாய், ஓரத் தகடு ஆகியவற்றின் நிறத்தையும் சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் கையில் இருப்பதை மாட்டிவிடுவார்கள். குடியிருப்புச் சங்கத்தின் அனுமதி தேவைப்படும் இடமானால் எழுத்தில் வாங்கிக்கொண்டு ஆர்டர் கொடுங்கள்.

ஆர்டரில் நிறுவனம், ரகம், நிறம் மூன்றையும் எழுத வையுங்கள். ஒரே நிறமானாலும் ஒரு தயாரிப்புத் தொகுதிக்கும் இன்னொன்றுக்கும் சிறு வேறுபாடு இருக்கும். எனவே எல்லாக் கட்டுகளும் ஒரே தொகுதியிலிருந்து வரட்டும், பின்னாளில் ஒட்டுப்போட ஒரு கட்டு கூடுதலாகவும் வாங்குங்கள். நிறுவனங்கள் நிறங்களை நிறுத்திவிடுவது உண்டு. சரக்கு வந்து இறங்கியதும் கட்டுகளின் மேல் அச்சிட்ட தொகுதி எண்களைச் சரிபார்த்து, ஒன்றைப் பிரித்து உங்கள் மாதிரியின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆணி அடிக்கும் முன்பு என்றால் திருப்பி அனுப்பக் கேட்கலாம்.