சொல்தா தாத்தாவைத் தேடுவது எப்படி?

புதுச்சேரி, காரைக்கால் பக்கத்து வீடுகள் பலவற்றில் ஒரு சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) தாத்தா உண்டு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தார், வியட்நாமின் சைகோனுக்குப் போனார், பான்சியோன் (ஓய்வூதியம்) வாங்கினார் என்பதோடு கதை நின்றுவிடும். எங்கள் வீட்டில் அவர் அம்மாவின் தாத்தா. அவரைத் தேட எனக்கு எட்டு மாதம் ஆனது. ஒரு விஷயம் முன்பே தெரிந்திருந்தால் எட்டு நாள் போதும்.

1. முதலில் டிரங்குப் பெட்டி

இணையத்துக்கு அப்புறம் போகலாம். ராணுவப் புத்தகம், பான்சியோன் தாள், கல்யாணப் பதிவின் நகல், எது கிடைத்தாலும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'மாத்ரிக்யூல்' என்று ஓர் எண் (ராணுவப் பதிவு எண்) இருந்தால் அதுதான் புதையல். 'கிளாஸ்' என்று இருப்பது படிப்பு அல்ல. பிறந்த ஆண்டோடு 20 கூட்டி வரும் ஆண்டு. 1915 கிளாஸ் என்றால் 1895-ல் பிறந்தவர்.

2. பெயர் (நான் மாட்டிக்கொண்ட இடம்)

வீட்டில் கூப்பிட்ட தமிழ்ப் பெயரை வைத்தே மாதக்கணக்கில் தேடினேன். ஒன்றும் வரவில்லை. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, சாதி, மத வழக்கப்படியான சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்க விரும்பியவர்கள் எழுதிக் கொடுக்கலாம். இவர்கள்தான் 'ரெனோன்சான்'. அப்போது குடும்பத்துக்கென்று ஒரு பெயரையும் வைத்துக்கொள்ள வேண்டும். பலர் பிரெஞ்சுப் பெயர் வைத்தார்கள். அந்தத் தாத்தாவின் அப்பாவும் வைத்திருக்கிறார்! பெண்வழிச் சொந்தம் என்பதால் அந்தப் பெயர் எங்கள் வரைக்கும் வரவேயில்லை. கடைசியில் பாட்டியின் கல்யாணப் பதிவில், தகப்பன் பெயர் இருந்த வரியில் அகப்பட்டது. ஆகவே, ஆணின் பதிவு கிடைக்காவிட்டால் மகளின் பதிவைப் பாருங்கள்.

தமிழ்ப் பெயரையே வைத்திருந்தவர்களுக்கும் எழுத்துச் சிக்கல் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் 'உ' ஒலிக்கு ஓ, யூ என இரண்டு எழுத்து போடுவார்கள். முத்து என்பதை எம்-ஓ-யூ-டி-டி-ஓ-யூ என்று தேடுங்கள். ராமசாமிக்கு இரண்டு எஸ்.

3. பிறப்புப் பதிவு

எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த பகுதிகளின் தேசிய ஆவணக் காப்பகம், ஆனோம், பிரெஞ்சிந்தியாவின் பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளைத் தன் தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஊர், ஆண்டு கொடுத்து பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியதுதான். போனில் பார்க்காதீர்கள், கண் போய்விடும். கையெழுத்தை மொழிபெயர்ப்புச் செயலிகளிடம் கொடுத்தும் பார்த்தேன், உளறல்தான் வந்தது. பத்துப் பதினைந்து பிரெஞ்சுச் சொற்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது மேல். காசு கேட்கும் வம்சாவளித் தளங்கள் இந்தக் கட்டத்தில் தண்டம்.

4. ராணுவக் கோப்பு

முதல் உலகப் போரில் இறந்தவர் என்றால் பிரெஞ்சு ராணுவ அமைச்சகத்தின் 'மெம்வார் தெஸோம்' தளத்தில் அவருக்கு ஒரு சீட்டு இருக்க வாய்ப்பு அதிகம். படைப்பிரிவு, மாத்ரிக்யூல், இறந்த நாள், இடம் எல்லாம் அதில் வரும். சரி, உயிரோடு திரும்பியவர்? பிரான்சின் போ நகரில் ராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகம் இருக்கிறது. முழுப் பெயர், பிறந்த தேதி, ஊர் மூன்றையும் குறிப்பிட்டு பிரெஞ்சில் எழுதிக் கேளுங்கள். அதனால்தான் மூன்றாவது படியைத் தாண்டக் கூடாது.

பின்சேர்க்கை: 'புதுச்சேரி' பதிவேட்டில் தாத்தா இல்லையே என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். ஒருவரின் பூர்வீகம் வில்லியனூர், இன்னொருவருடையது பாகூர். 1880 முதல் இவை தனித்தனி கம்யூன்கள் (நகராட்சிகள்). உழவர்கரையும் அப்படியே, 'ஊல்கரே' என்ற பிரெஞ்சுப் பெயரில் தேட வேண்டும்.

இன்னொன்று: ஆனோம் தளத்தில் நூறாண்டு கடந்த பதிவுகள்தான் தெரியும். அதற்குப் பிந்தியது வேண்டுமென்றால் நான்ட் நகரிலுள்ள மத்தியக் குடிமைப் பதிவு அலுவலகத்திடம் கேட்க வேண்டும். நகலுக்குக் கட்டணம் கிடையாது.