வழிகாட்டிக் கருவி பொய் சொன்னால்

பவானிக்குப் போகும்போது ஜிபிஎஸ் வழிகாட்டிக் கருவி என் வேனை வாய்க்கால் கரையில் கொண்டுபோய் நிறுத்தியது. அங்கே பாலமே இல்லை. ‘வரைபடம் தவறு’ என்று தயாரிப்பாளருக்கு ஒரு வரி எழுதினேன், பதில் இல்லை. அதை வைத்துக்கொண்டு அவர்கள்தாம் என்ன செய்வார்கள்?

முதலில் எது பிழை என்று பாருங்கள். சாலையில் ஓடும் வண்டியை வயலில் காட்டினால் செயற்கைக்கோள் சமிக்ஞைக் கோளாறாக இருக்கலாம். திறந்தவெளியில் நிறுத்தி மறுபடி சோதியுங்கள். இருப்பிடம் சரி, பாலம்தான் இல்லை என்றால் வரைபடப் பிழை. கருவியில் உள்ள வரைபடப் பதிப்பு பழையதா? புதுப்பித்த பிறகு புகார் செய்யுங்கள்.

புகாரில் அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைத் தசமப் புள்ளிக்குப் பின் 5 இலக்கம் வரை எழுதுங்கள். ஏறத்தாழ 1 மீட்டருக்குள் இடம் புரிந்துவிடும். எந்தத் திசையில் வந்தீர்கள், கருவி என்ன சொன்னது, அங்கே உண்மையில் என்ன இருக்கிறது, வரைபடப் பதிப்பு எண் எது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். புகைப்படமும் எடுங்கள், வண்டியை ஓரங்கட்டிய பிறகு.