காருக்குள் பெட்ரோல் வாடை: கசியும் இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் முறை

பங்கில் பெட்ரோல் போடும்போது வாடை வந்து சில நிமிடங்களில் அடங்கிவிடுவது இயல்பு. அதற்குப் பிறகும் ஓட்டும்போதோ காலையில் கதவைத் திறக்கும்போதோ வாடை வந்தால், எரிபொருள் எங்கோ கசிகிறது அல்லது முழுமையாக எரியாமல் வெளியேறுகிறது என்றே கொள்ள வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது என்பதால், அது மேலே கலைந்து போகாமல் தரையோடு பரவித் தாழ்வான இடங்களில் தேங்கும். வீட்டு முகப்பில் காரை நிறுத்தி, அதன் அருகிலேயே தண்ணீர் மோட்டார் சுவிட்சும் மாலையில் விளக்கேற்றும் மாடமும் வைத்திருப்பவர்கள் இதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

வாடை கடுமையாக இருந்தாலோ வண்டிக்கடியில் சொட்டு தெரிந்தாலோ சாவியைத் தொடாமல், காரைத் திறந்த வெளிக்குத் தள்ளிச் சென்று, கதவுகளைத் திறந்து வைத்துவிட்டு மெக்கானிக்கை அங்கேயே வரவழையுங்கள். கீழே சொல்லும் சோதனைகள், வாடை இலேசாக இருந்து, கசிவு கண்ணுக்குத் தெரியாத நிலைக்கு மட்டுமே பொருந்தும்.

கருவிகளை எடுப்பதற்கு முன், வாடை எப்போது வருகிறது என்று இரண்டு மூன்று நாள் கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள்; பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். டேங்கை நிரப்பியபின் மட்டும் வந்து, அளவு குறைந்ததும் மறைந்தால், கோளாறு டேங்கின் மேற்பகுதியிலோ மூடியிலோ நிரப்பும் குழாயிலோ இருக்கும். காலையில் முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது வந்து, இன்ஜின் சூடானதும் நின்றால், இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் இறுகிப்போன ரப்பர் வளையங்களை, அதாவது ஓ-ரிங்குகளைச் சந்தேகிக்கலாம். ஏசியில் வெளிக்காற்று வரும் நிலையில் வாடை அடித்து, உட்காற்றுச் சுழற்சிக்கு மாற்றியதும் குறைந்தால், கசிவு பெரும்பாலும் பானெட்டுக்குள் இருக்கிறது. ஏனெனில் பல கார்களில் கேபினுக்கான காற்று, முன்கண்ணாடியின் அடிப்புறத்திலிருந்தே உறிஞ்சப்படுகிறது.

பானெட்டைத் திறந்து சோதிப்பதை இன்ஜின் முழுவதும் ஆறியபின் வைத்துக்கொள்ளுங்கள். சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பி, ஸ்டார்ட் செய்யாமல் அணைத்து, மீண்டும் திருப்பினால், பல கார்களில் ஒவ்வொரு முறையும் டேங்குக்குள் இருக்கும் பம்ப் ஓரிரு விநாடி ஓடிக் குழாயில் அழுத்தத்தை ஏற்றும். பிறகு எல்இடி டார்ச்சைத் தொலைவிலேயே போட்டுக்கொண்டு வந்து, பெட்ரோல் போகும் ரப்பர் குழாயான ஹோஸ் மாட்டியிருக்கும் ஒவ்வோர் இணைப்பையும் இன்ஜெக்டர்களின் அடிப்புறத்தையும் பாருங்கள். பெட்ரோல் விரைவில் ஆவியாகிவிடுவதால் ஈரம் தெரியாமல் போகலாம். தூசி படிந்த பரப்பில் ஓரிடம் மட்டும் கழுவியதுபோல் இருந்தாலோ, பழுப்புக் கறை வழிந்திருந்தாலோ அதுவே தடயம். நம் ஊரில் எலி கடித்த ஹோஸும் அரிதல்ல என்பதால், பற்தடங்களையும் தேடுங்கள்.

என் கார் பத்தாண்டு பழையது. டேங்கை நிரப்பிய நாள்களில் பின்சீட்டில் உட்கார்ந்த பிள்ளைகள் தலைவலி என்றார்கள்; ஒரு பணிமனையில், பழைய பெட்ரோல் வண்டி என்றால் அப்படித்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பின்சீட்டைத் தூக்கி, அதனடியில் இருந்த தகட்டைக் கழற்றியபோது, பம்ப்பின் மூடியைச் சுற்றியிருந்த புழுதி வளையமாக நனைந்து கருத்திருந்தது. உள்ளிருந்த ரப்பர் வளையம் தட்டையாகி, நகத்தால் அழுத்தினாலும் அமுங்காமல் பிளாஸ்டிக்போல் இறுகியிருந்தது. டேங்கில் பெட்ரோல் கால் பங்குக்குக் குறைந்தபின் அந்த வளையத்தை மாற்றியதும் வாடை நின்றது.

நிரப்பும்போது, தானாக நின்ற பிறகும் ரவுண்டாகப் போடச் சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். டேங்கின் ஆவியைப் பிடித்து வைக்கும் கரிப்பெட்டி ஆவிக்காகச் செய்யப்பட்டது. கூடுதலாக ஊற்றும் பெட்ரோல் திரவமாகவே அதற்குள் போய்விட்டால் கரி ஊறிக் கெட்டு, அந்தப் பெட்டியையே மாற்ற நேரிடும்.

எங்கும் கசிவு இல்லாமல் சைலன்சரிலிருந்து வாடை வந்து, கரும்புகையும் மைலேஜ் குறைவும் சேர்ந்திருந்தால், இன்ஜினுக்குத் தேவைக்கு மேல் பெட்ரோல் போகிறது. அப்போது இன்ஜின் ஆயிலின் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். ஆயிலில் பெட்ரோல் வாடை தெளிவாக அடித்தால், ஒழுகும் இன்ஜெக்டரையோ சென்சாரையோ சரிசெய்துவிட்டு ஆயிலையும் மாற்ற வேண்டும்.

ஹோஸைக் கழற்றுவதற்கு முன் அழுத்தத்தை இறக்குவது கட்டாயம். இன்ஜெக்ஷன் வண்டிகள் பலவற்றில் அது ஏறக்குறைய 3 பார், அதாவது டயரில் உள்ள காற்றழுத்தத்தைவிட அதிகம். பம்ப்பின் ஃபியூஸை எடுத்துவிட்டு, திறந்த வெளியில் இன்ஜினை ஓட்டித் தானாக அணையவிட்டு, பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். அதன் பின்னும் இணைப்பைத் துணியால் சுற்றிக்கொண்டே தளர்த்துங்கள். உலர்பொடித் தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

புதிய ஹோஸ் வாங்கும்போது இன்ஜெக்ஷன் வண்டிகளின் அழுத்தத்தைத் தாங்கும் எஸ்ஏஇ ஜே30ஆர்9 (SAE J30R9) தரம் என்று கேட்டு, அந்த எழுத்து ஹோஸின் மேலேயே அச்சாகியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். கார்புரேட்டர் வண்டிக்கான சாதாரண ஹோஸ் இந்த அழுத்தத்துக்கு ஏற்றதல்ல. நாட்டில் இப்போது பரவலாகக் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால், 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான காராக இருந்தால், ரப்பர் பாகங்கள் எத்தனாலைத் தாங்குபவையா என்று கேட்டு வாங்குவது நல்லது. கழற்றிய ஓ-ரிங்கைத் திரும்பப் போடாமல், புதியதில் சுத்தமான இன்ஜின் ஆயிலை ஒரு சொட்டு தடவிப் பொருத்துங்கள். எம்-சீலும் சாதாரண சிலிகான் பசையும் இந்த இடத்தில் நிலைக்காது. டேங்கில் ஓட்டை என்றால் அதை வெல்டிங்குக்கு எடுத்துப் போகாதீர்கள். காலியான டேங்கில் மிஞ்சியிருக்கும் ஆவி வெடிக்கும்.

வேலை முடிந்ததும் சாவியை மட்டும் திருப்பி அழுத்தம் ஏற்றிக் கசிவு பாருங்கள். பிறகு பத்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். அன்றிரவு வண்டிக்கடியில் அட்டை ஒன்றை விரித்து வைத்து மறுநாள் கறையைத் தேடுங்கள். கோளாறு டேங்கின் மேற்புறத்தில் இருந்திருந்தால், அடுத்த முறை டேங்கை நிரப்பிய மறுநாள் காலையில் கதவைத் திறந்து முகர்ந்து பார்க்கும்வரை சோதனை முடியவில்லை.